கப்பல் சுற்றுலா: டிக்கெட் விலையைப் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

கரீபியன் மாதிரி வெயில் பக்கம் கப்பலில் போக நிறுவனங்களை ஒப்பிடும்போது, டிக்கெட்டோடு துறைமுக வரி, தினசரி டிப்ஸ், வைஃபை, குடிபானம் எல்லாவற்றையும் கூட்டி, அதைப் பயண நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று பாருங்கள். விளம்பரத்தில் மலிவாகத் தெரிவது பல நேரம் இந்தக் கணக்கில் மேலே ஏறிவிடும்.

காரணம், கார்னிவல், ராயல் கரீபியன் போன்ற பெரிய நிறுவனங்களின் அடிப்படைக் கட்டணத்தில் முக்கியமாக அறையும் சாப்பாடும்தான் அடக்கம். டிப்ஸ் மட்டுமே ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலருக்கு மேல், பிள்ளைகளுக்கும் சேர்த்து, தானாகக் கணக்கில் ஏறும். குளிர்பானத்துக்கும் தனிக் காசு, வெயிலில் அது எவ்வளவு உள்ளே போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆனால் டிக்கெட் விலை கூடுதலாகத் தெரியும் வைக்கிங் என்ற நிறுவனத்தின் கடல் பயணங்களில் வைஃபை, மதிய, இரவுச் சாப்பாட்டோடு பீர் அல்லது ஒயின், ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சுற்றிப்பார்க்கும் பயணம் எல்லாம் விலைக்குள்ளேயே வந்துவிடும், அதனால் முதலில் தெரிகிற வித்தியாசம் நிஜத்தில் அவ்வளவு பெரிதாக இருக்காது.

மது, குளிர்பானம் பக்கமே போகாதவர், வைஃபை வேண்டாதவர் என்றால் பெரும்பாலும் அடிப்படைக் கட்டணமே லாபம், அவர்கள் துறைமுக வரியையும் டிப்ஸையும் மட்டும் அதோடு கூட்டிப் பார்த்தால் போதும். அப்புறம், பிள்ளைகளோடு போகிறவர்கள் வைக்கிங்கை விட்டுவிடலாம், 18 வயதுக்குக் கீழே அங்கே அனுமதி இல்லை.