சாவியைத் திருகாதீர்கள்: வருடக்கணக்காக நின்ற மினி டிராக்டரை ஓடவைக்கும் முறை

தென்னந்தோப்புக்குள் ஓட்ட அப்பாவோ மாமாவோ வாங்கிய மினி டிராக்டர், வீட்டில் ஆண்கள் எல்லாம் வெளிநாட்டில் இருந்ததால் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. இப்போது புரட்டாசி விதைப்புக்குள் அது ஓட வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் இப்படி நிற்கும் வண்டிகளைப் பார்க்கலாம். ஸ்பேனரே பிடிக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன், டீசல் வண்டிக்கு மட்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புது பேட்டரி வாங்கி மாட்டிச் சாவியைத் திருகாதீர்கள். கடற்கரையில் நின்ற வண்டியைக் கெடுப்பது தேய்மானம் அல்ல, உப்புக்காற்று. துரு எங்கே பிடித்திருக்கிறது என்று தெரியாமல் செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தால், கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்தாலே விட்டுக்கொடுத்திருக்கும் இன்ஜினில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் உடையும், அப்புறம் செலவு வேறு மாதிரி.

பானெட்டைத் திறக்கும்போது கையில் குச்சி இருக்கட்டும். பாம்பு, குளவிக்கூடு, எலி மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு. எலி வயரைக் கடித்திருக்கும், ஏர் கிளீனருக்குள் கூடு கட்டியிருக்கும். சைலன்சர் வாயையும் எட்டிப் பாருங்கள். அடுத்து வண்டியைக் கழுவுங்கள், ஆனால் நல்ல தண்ணீரில். நம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு, அதில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பையே பூசுகிறோம். ஊருணித் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ போதும். ஏர் கிளீனர், டீசல் டேங்க் மூடி, வயர் இணைப்புகள் பக்கம் பீய்ச்சி அடிக்காதீர்கள்.

இப்போது இன்ஜின் கையால் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். கியர் நியூட்ரலில், ஸ்டாப் லீவர் (டீசலை நிறுத்தி இன்ஜினை அணைக்கும் லீவர்) இழுத்த நிலையில், முன்பக்கம் கீழே இருக்கும் பெரிய புல்லியின் நட்டில் நீளமான ஸ்பேனரைப் போட்டு மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். சுற்றினால் பாதிக் கவலை போனது. அசையவில்லையென்றால் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி (சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் இருக்கும் வண்டியில் அதைக் கழற்றினாலும் போதும்) ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து இரண்டு மூன்று ஸ்பூன் விட்டு, ஓட்டையைத் துணியால் மூடி, இரண்டு நாள் சும்மா விடுங்கள். பிறகு முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். நூல் அளவு அசைந்தால்கூட நல்ல செய்தி, மறுபடி ஆயில் விட்டுக் காத்திருங்கள். அவசரப்பட்டு இன்னொரு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். ஜாமான இன்ஜினை இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும்.

ஆயில் விட்டிருந்தால், நாசிலை மாட்டும் முன் இன்ஜினைக் கையால் பல சுற்று சுற்றி அந்த ஆயிலை வெளியே தள்ளிவிடுங்கள். உள்ளே தேங்கினால் அதுவே பிஸ்டனை முட்டி நிறுத்தும். நாசிலுக்குக் கீழே இருக்கும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். நாசிலை டெஸ்ட் செய்ய டவுனுக்கு அலைவதைவிட மண்டபம் ஊர்ப் பக்கம் வள்ளத்து இன்ஜின் பார்க்கும் மெக்கானிக்கிடம் விசாரியுங்கள். உப்பில் கிடந்த டீசல் இன்ஜினை அவர்களைவிட அதிகம் பார்த்தவர்கள் கிடையாது.

சேம்பர் ஆயிலை, அதாவது இன்ஜின் அடியில் இருக்கும் ஆயிலை, இறக்கிப் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மழை இறங்கியதா, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டதா என்று மெக்கானிக் பார்த்துச் சொல்லும்வரை நிறுத்துங்கள். நன்றாக இருந்தாலும் பழையது வேண்டாம்; கம்பெனிப் புத்தகம் சொல்லும் ஆயில் (பெரும்பாலும் 15டபிள்யூ-40), புது ஃபில்டர். ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் கூடவே கூடாது, கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான்.

டீசல் விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டேங்க்கில் பாதி டீசல் இருந்தது என்றால் மீதிப் பாதியில் ஈரக்காற்று இருந்தது, அது வேர்த்து அடியில் தண்ணீராக நிற்கும், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கருப்பாக வழவழப்பு வளரும். அத்தனையையும் இறக்கி, டேங்க்கைப் புது டீசலில் அலசி, ஃபில்டரை மாற்றுங்கள். இதில் லைன் முழுக்கக் காற்று புகுந்திருக்கும், அந்தக் காற்றை வெளியேற்றாமல் (ஏர் எடுப்பது என்பார்கள்) வண்டி உயிர் பெறாது. ஃபில்டர் தலையில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, டீசல் லைனில் உள்ள கைப் பம்பை அடித்துக்கொண்டே இருங்கள், நுரை நுரையாக வந்து பிறகு குமிழி இல்லாமல் டீசல் ஒழுகும்போது இறுக்குங்கள். டீசல் பம்ப்பில் உள்ள ஸ்க்ரூவிலும் இதையே செய்யுங்கள். கடைசியில் (பேட்டரி, கிளட்ச், ஆயில் விளக்கு என்று கீழே சொல்லும் சோதனைகள் முடிந்த பிறகு) நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளைத் தளர்த்தி, ஸ்டாப் லீவரை உள்ளே தள்ளிவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். அந்த நேரம் பைப் பக்கம் கையை வைக்காதீர்கள். அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், சின்னக் காயமாகத்தான் தெரியும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

செல்ஃப் அடிக்க பேட்டரி வேண்டுமே. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், பல வருடம் நின்றது தேறாது. பேட்டரி புதிதாக இருந்தும் செல்ஃப் டக் டக் என்றால் எர்த் வயர் சேஸிஸைத் தொடும் இடத்தைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். டெர்மினலைச் சுடுதண்ணீரும் ஆப்பச்சோடாவும் போட்டுக் கழுவி, வாஸ்லின் தடவுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் கிளட்ச். நியூட்ரலில் வண்டியைத் தள்ளிப் பாருங்கள், நகரவில்லை என்றால் பிரேக் ஒட்டியிருக்கிறது. பிறகு கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்துத் தள்ளுங்கள். நியூட்ரலில் நகர்ந்தது இப்போது நகரவில்லையென்றால் கிளட்ச் பிளேட் துருவில் ஒட்டிக்கொண்டது. பெடலை மிதித்த நிலையில் கட்டை முட்டுக்கொடுத்துச் சில நாள் விடுங்கள். விடவில்லையென்றால் வண்டியைப் பிரிக்கத்தான் வேண்டும்.

சரி, இப்போது சாவி. வெட்டவெளியில், சக்கரத்துக்குக் கட்டை போட்டு, நியூட்ரலில், பி.டி.ஓ.வை (பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றும் தண்டு) விலக்கி. முதலில் ஸ்டாப் லீவரை இழுத்தபடியே செல்ஃப் அடித்து ஆயில் விளக்கு அணைகிறதா பாருங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவே ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். பக்கத்தில் ஒரு தட்டையான பலகை இருக்கட்டும். உள்ளே மிச்சமிருக்கும் ஆயிலைக் குடித்து இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் ஏறிப்போனால் இன்ஜினுக்குள் காற்று நுழையும் வாயைப் பலகையால் அடைப்பதுதான் வழி, கையாலோ துணியாலோ அல்ல. பற்றிக்கொண்டதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வரும், சூடானதும் நிற்க வேண்டும். நிற்காமல் ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் அணைத்துவிடுங்கள். நீலம் ஆயில் எரிவது, பழைய இன்ஜினில் கொஞ்சம் இருக்கும். கருப்பு என்றால் ஏர் கிளீனரைத் திரும்பப் பாருங்கள்.

கால் மணி நேரம் மெதுவாக ஓடவிட்டு எங்கெங்கே ஒழுகுகிறது என்று சுற்றிப் பாருங்கள். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனை) எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். டயரில் பக்கவாட்டு வெடிப்பு ஆழமாக இருந்தால் காற்று நின்றாலும் நம்பாதீர்கள். பத்து மணி நேரம் தோப்புக்குள் ஓடியதும் ஆயிலையும், ஆயில், டீசல் இரண்டு ஃபில்டரையும் மறுபடி மாற்றுங்கள், உள்ளே கழன்ற துரு எல்லாம் அதில்தான் வந்து சேர்ந்திருக்கும்.