கார் பிரேக் கீச்சிட்டால்: கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

குளச்சலில் எங்கள் வீட்டிலிருந்து கடல் நடந்துபோகும் தூரம்தான். ஆடிச் சாரலில் இரண்டு நாள் நிறுத்திவைத்த காரை மூன்றாம் நாள் எடுத்தால், முதல் முக்கில் பிரேக் மிதித்ததும் தெருவே திரும்பிப் பார்க்கும். முதல்முறை பயந்துபோய்ப் பட்டறைக்கு ஓட்டிச் சென்றேன். நான்கு சக்கரத்துக்கும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார்கள். வருகிற வழியிலேயே சத்தம் நின்றுபோனதை நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பணம் போனது, அடுத்த மழையில் சத்தம் திரும்பி வந்தது.

ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் சத்தத்தைக் கேளுங்கள்.

முதல் படி: எப்போது கத்துகிறது?

காலையில் முதல் நாலைந்து மிதிக்கு மட்டும் கத்திவிட்டு அடங்கினால் அது துரு. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டு வார்ப்பிரும்பால் ஆனது. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குமரி மாவட்டக் கரையில், ஆரோக்கியபுரம் தொடங்கி நீரோடி வரை காற்றில் உப்பும் உண்டு. ஓர் இரவு போதும், டிஸ்க் செம்மை பூத்துவிடும். ஓடத் தொடங்கியதும், மிதிக்கும்போது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் அதைத் தானே தேய்த்து எடுத்துவிடும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

மிதிக்கும்போதெல்லாம் கீச்சிட்டால் பேட் தேய்ந்திருக்கலாம், அல்லது அதன் முகம் கண்ணாடிபோல் வழுவழுப்பாகியிருக்கலாம். மிதிக்காமலே கத்தினால் ஏதோ உரசிக்கொண்டே இருக்கிறது: அசையாமல் இறுகிப்போன ஒரு பின் (pin), இடையில் சிக்கிய கல், அல்லது பேட் தீர்ந்துவிட்டதைச் சொல்வதற்காகவே வைத்திருக்கும் சிறு தகடு. கரகரவென்று இரும்பை அரைப்பதுபோல் கேட்டால் வண்டியை ஓட்டவே வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

எந்தச் சக்கரம் என்று தெரியவில்லையா? கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மதிலை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். மதில் சத்தத்தைத் திருப்பித் தரும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியபின் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கேதான் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் படி: சக்கரத்தைக் கழற்றுதல்

சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கருங்கல் வையுங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போடுங்கள். மழைக்காலத்துத் தோப்பு மண்ணில் ஜாக்கி புதையும். கெட்டியான தளமே நல்லது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுங்கள். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள்.

மூன்றாம் படி: முன் பிரேக்கைத் திறத்தல்

பெரும்பாலான சிறிய கார்களில், பேட்களை அழுத்தும் காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் அது மேல்நோக்கி மடங்கும். முழுதாகக் கழற்ற நேர்ந்தால் பிரேக் குழாயில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் கட்டுங்கள். பேட்களை எடுக்கும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள். திரும்பப் பூட்டும்போது எது உள்பக்கம் என்ற குழப்பம் எனக்கு இன்றும் வரும்.

இரும்புத் தகடு நீங்கலாக, பேட் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கினால் ஏறக்குறைய அந்தத் தடிமன். மாற்றினால் இடமும் வலமும் சேர்த்தே மாற்றுங்கள்.

தடிமன் இருந்தால் முகத்தைப் பாருங்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடல்மணலில் கார்னெட், சிர்கான் என்ற தாதுக்கள் கலந்திருக்கும். இரண்டும் வார்ப்பிரும்பைக் கீறக்கூடியவை. ஒரு மணல்மணி பேட்டில் பதிந்தாலும் டிஸ்க்கில் கோடு விழும். ஊசியால் குத்தி எடுங்கள். வழுவழுப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் போக்கலாம். உப்பு கெடுத்ததை உப்புத்தாள் சரிசெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது பேட்டை ஈரமாக வைத்து, முகக்கவசம் அணியுங்கள். தூசியை வாயால் ஊதவே கூடாது; பழைய பேட்களில் கல்நார் இருக்கலாம்.

இனி பெரும்பாலோர் தாண்டிப் போகும் இடம்: காலிப்பர் நகர்வதற்கான இரண்டு பின்கள். இவை இரண்டு விரலால் தள்ளினாலே நகர வேண்டும். என் காரில் ஒன்று துருப்பிடித்து ஆணியடித்ததுபோல் நின்றது. உண்மையான நோய் அதுதான். உருவி எடுத்து, பழைய கிரீஸைத் துணியால் துடைத்து, பிரேக்குக்கென விற்கும் சிலிகான் கிரீஸைத் தடவுங்கள். குழி விழுந்த பின்னை மாற்றிவிடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை உப்பவைக்கும். ரப்பரும் எண்ணெயும் சேராது என்பதை, ரப்பர் தோட்ட ஊரான குலசேகரத்துக்காரர்களிடம் சொல்லத் தேவையில்லை. ‘ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும்’ என்று அறிவுரை சொல்ல யாராவது வருவார்கள். சத்தம் நிற்கும், கார் நிற்காது.

நான்காம் படி: பூட்டுதல்

புதிய பேட் என்றால், காலிப்பருக்குள் இருந்து பேட்டைத் தள்ளும் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். அப்போது பிரேக் ஆயில் தொட்டியில் மட்டம் உயரும்; வழிந்தால் பெயின்ட் போய்விடும். போல்ட்டுகளை இறுக்கி, சக்கர நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, வண்டியை இறக்கியபின் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். வண்டியை நகர்த்தும் முன் பிரேக் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதி தரைவரை போகும்.

பின்சக்கர டிரம் பிரேக்கை நான் தொடுவதில்லை. அந்த ஸ்பிரிங்குகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மல்லுக்கட்டியது போதும். அது பட்டறை வேலை.

விடிகாலையில் ஊர்ச்சாலை காலியாக இருக்கும்போது, 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துமுறை படிப்படியாக வேகம் குறைத்துப் பாருங்கள். புதிய பேட்டில் லேசாகக் கருகல் வாசனை வரும், பயம் வேண்டாம். 50 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி சோதியுங்கள்.