நோட்டைத் திருப்பிப் பாருங்கள்

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் எங்கள் முந்திரித் தோப்பைச் சாய்த்தது. அடுத்த மாதமே அப்பா புரோநோட்டு எழுதிக் கொடுத்து 50,000 ரூபாய் வாங்கினார். பாதிக்கு மேல் கட்டினார், ரசீதுதான் வாங்கவில்லை. 2017 கடைசியில் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டார். நடுவீரப்பட்டு வீட்டுக்குக் கோர்ட் அமீனா சம்மனோடு வந்தபோது அப்பா கொல்லைப்பக்கமாக நழுவப் பார்த்தார்.

அதை மட்டும் செய்யாதீர்கள். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். நாம் போகாவிட்டால், நம் பக்கத்தைக் கேட்காமலே சொல்லும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்புதான். சம்மன் வந்த தேதியைக் காலண்டரில் குறியுங்கள். எதிருரை, அதாவது வழக்குக்கு நம் எழுத்துப் பதில், போட 30 நாள். கோர்ட் அனுமதித்தால் 90 வரை. சம்மனில் ஆணை 37 (சுருக்கமாக விசாரித்து முடிக்கும் வழக்கு) என்று இருந்தால் 10 நாளில் ஆஜராக வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லையா? சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் போடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

எங்களுக்கு வந்த நகலில் நோட்டின் முன்பக்கம் மட்டும் இருந்தது. வக்கீல் கடலூர் கோர்ட்டில் மூலத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னால், '12.1.2015 வரவு ரூ.500', கீழே அப்பா பெயரில் கையெழுத்து. நோட்டின் தேதி 20.1.2012. வழக்குப் போட உள்ள மூன்று வருஷக் கெடு முடிய எட்டு நாள் இருக்கும்போது வரவு! அது செல்லுமானால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம். செல்ல வேண்டுமானால் கடன்பட்டவர் கைப்பட எழுதியிருக்க வேண்டும், இல்லை கையெழுத்தாவது போட்டிருக்க வேண்டும். வக்கீல் நோட்டீஸைப் பார்த்துப் பயந்து ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்து நோட்டின் பின்னால் கையெழுத்துப் போடுகிறவர்கள், கெடுவைத் தாங்களே நீட்டிக் கொடுக்கிறார்கள்.

எதிருரையில் 'எல்லாம் பொய்' என்று ஒரே வரியில் எழுதினால் எடுபடாது. பிராதின், அதாவது வழக்குப் போட்டவரின் மனுவின், ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். முன்பக்கக் கையெழுத்து தன்னுடையதுதான், பணம் வாங்கியதும் நிஜம் என்று அப்பா ஒத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதில் பொய் சொல்லியிருந்தால் மற்றதையும் யார் நம்புவார்கள்? பின்பக்கக் கையெழுத்தை மட்டும் மறுத்தோம்.

அந்த 12-ந் தேதி அப்பா இடுப்பெலும்பு முறிந்து ஜிப்மரில் படுத்திருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியை எதிருரையோடு கோர்க்கச் சொன்னேன். "இருக்கட்டும்மா, குறுக்கு விசாரணைக்கு வச்சுக்கலாம்" என்றார் வக்கீல்.

விசாரணையில் கடன் கொடுத்தவரை வக்கீல் கேட்டார்: "அந்த ஐந்நூறை எங்கே வைத்து வாங்கினீங்க?"

"எங்க வீட்டுத் திண்ணையில. நடந்துதான் வந்தாரு."

வக்கீல் ஜிப்மர் தாளை எடுத்து நீட்டினார்.