உப்புக்காத்துல பழைய காருக்கு கம்மி செலவுல பெயிண்ட்: நான் பண்ணுன தப்ப நீங்க பண்ணிராதீங்க

என்கிட்ட இருக்குறது 97 மாடல் மாருதி 800, வெள்ளை. மண்டபம் பக்கத்துல வீடு, மொட்டைமாடில நின்னா கடல் தெரியும், அதனால கார் வாங்குன அன்னைக்கே துருவையும் சேர்த்து வாங்குனேன்னு வச்சுக்கங்க. மொத தடவை முழுசா பெயிண்ட் அடிச்சு ஆறு மாசம்தான், டோருக்கு அடியில மொச்சைக்கொட்டை தண்டிக்கு கொப்புளம் கெளம்பிருச்சு. ஒண்ண நகத்தால கீறிப் பாத்தா உள்ள பட்டி, அதான் பள்ளத்த நெரவ பூசுற பசை, நமுத்துக் கெடக்கு, அதுக்கும் அடியில தகரம் செங்கப்பொடி மாதிரி உதிருது. எல்லாத்தையும் சொரண்டிட்டு ரெண்டாவது தடவை அடிச்சேன், அது மூணு மழைய பாத்துருச்சு, இன்னும் நிக்குது. ரெண்டு தடவையும் ஒரே கம்பெனி பெயிண்ட், ஒரே வெள்ளை. மாறுனது அடிவேலை மட்டும்தான்.

மொதல்ல தண்ணி. கார் பெயிண்ட் அடிக்கிறது எப்படின்னு வீடியோ போடுறவங்க பாதிப்பேரு கோயம்புத்தூர்லயும் பெங்களூர்லயும் இருக்காங்க, அவங்களுக்கு நம்ம போர் தண்ணி தெரியாது. மொத தடவை பெயிண்டர் பட்டி போட்டு அது மேல வாட்டர் பேப்பர், அதான் தண்ணி தொட்டு தேய்க்கிற உப்புத்தாள், வச்சு தேச்சாரு, பக்கெட்ல இருந்தது போர் தண்ணி, நாக்குல வச்சா கரிக்கும். பட்டி காஞ்சாலும் பஞ்சு மாதிரிதான், ஈரத்த குடிக்கும், கூடவே உப்பும் உள்ள போயிரும். அது மேல பிரைமரும் பெயிண்ட்டும் அடிச்சு மூடிட்டா, உள்ள இருக்குற உப்பு காத்துல இருக்குற ஈரத்த பெயிண்ட் வழியாவே இழுத்து கொப்புளம் கட்டும், தகரத்த தின்னும். ரெண்டாவது தடவை காவேரி தண்ணி வந்த அன்னைக்கு ஏழெட்டு குடம் தனியா பிடிச்சு வச்சேன், "குடிக்கவே பத்தல, காருக்கா?"ன்னு வீட்ல ஒரே சத்தம், வாங்கிக்கிட்டேன். அந்த தண்ணில ஷாம்பு போட்டு அலசி, வெயில்ல காயவிட்டு, அப்புறம்தான் உப்புத்தாளையே தொட்டேன், ஏன்னா கழுவாம தேச்சா மேல படிஞ்ச உப்ப நாமளே தகரத்துல ஏத்தி விடுறோம். பட்டிய தண்ணி இல்லாம 80, 180, 320ன்னு நம்பர் ஏற ஏற நைசாகுற உப்புத்தாள்ல தேச்சேன், தூசி பறக்கும், தோள்பட்டை கழண்டுரும், ஆனா ஈரம் கெடையாது. பிரைமருக்கு மேல 600, 800 போடுறப்ப மட்டும் தண்ணி, அதுவும் குடத்து தண்ணி.

தேச்ச தகரத்த அப்படியே ராத்திரி விட்டுட்டுப் போகாதீங்க. சாயங்காலம் பளபளன்னு இருந்தது காலையில டீ கலருல நிக்கும், எனக்கு பானெட் முழுக்க அப்படி ஆயி மறுபடி தேச்சேன். ஒரு நாளைக்கு எம்புட்டு பிரைமர் அடிக்க முடியுமோ அம்புட்டு மட்டும் தேய்ங்க, அன்னைக்கே எபாக்ஸி பிரைமர் (ஹார்டனர் கலந்து அடிக்கிற அடிப்பூச்சு) அடிங்க, பட்டி அதுக்கு மேல போடலாம்.

அடுத்தது ஃபைபர். நம்ம ஊர்ல மீன்பிடி போட்டுக்கு கண்ணாடி நார் மேட் வச்சு ரெசின் பசை தடவி ஃபைபர் ஒட்டுற ஆளுங்க தெருவுக்கு ரெண்டு பேரு, ரன்னிங் போர்டு (டோருக்கு கீழ ஓடுற தகரம்) ஓட்டையக் காட்டுனா "அண்ணே, ஒரு மேட் வச்சு ரெசின் தடவிருவோம், நூறு வருசம் நிக்கும்"பாங்க. போட்டுக்கு நிக்கும்தான், அந்த போட்டே ஃபைபர், துருப்பிடிக்க அதுல தகரம் ஏது? காருல அந்த மேட்டுக்கு பின்னாடி துரு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தட்டிப் பாருங்க, சத்தம் மொத்தையா வர்ற இடத்த வெட்டி எடுத்து தகரம் வச்சு வெல்டிங் பண்ணித்தான் ஆகணும். இதுக்கு போற காச மிச்சம் பிடிக்கவே கூடாது. டோருக்கு அடியில தண்ணி வடியுற ஓட்டை இருக்கும், பழைய பெயிண்ட்டும் மண்ணும் அடைச்சிருக்கும், ஒரு கம்பிய விட்டு குத்தி விடுங்க, காசே இல்லாத வேலை.

மிச்சம் கெடக்குற போட்டு எனாமல காருக்கு அடிக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு: வேணாம். காய நேரமாகும், அதுக்குள்ள தெரு தூசி பூரா ஒட்டிக்கும், பின்னாடி அது மேல பி.யு. (பாலியூரித்தேன் பெயிண்ட்) அடிச்சா சுருங்கி தூக்கிரும். பழைய பெயிண்ட் என்னன்னு தெரியலையா, துணில தின்னர் தொட்டு ஒரு மூலைல தேச்சுப் பாருங்க, கலர் துணில கரைஞ்சு வந்தா அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்), அது மேல நேரா பி.யு. போட்டா வம்பு, எடுத்துட்டுத்தான் போடணும். என்.சி. வெலை கம்மிதான், ஆனா நம்ம வெயிலுக்கு சீக்கிரம் வெளுத்துரும். பி.யு. ஹார்டனர் கலந்து அடிக்கிறது, கலவை அளவு டப்பாலயே போட்டிருக்கும், குத்துமதிப்பா ஊத்தாதீங்க. அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட்னு ஒரு கெமிக்கல் இருக்கு, கைக்குட்டை கட்டிக்கிட்டு அடிச்சா நெஞ்சுக்கு ஆகாது, ஆஸ்துமால கொண்டு போய் விடும். முகமூடிக்குள்ள வெளிக்காத்து குடுக்குற செட்டு இல்லாம நீங்களே அடிக்க கெளம்பாதீங்க, அந்த ஒரு வேலைய பெயிண்டர்கிட்ட விட்டுருங்க.

காத்து. கச்சான், அதான் தென்மேற்கு காத்து, அடிக்கிற மாசத்துல தென்னங்கீத்து கொட்டகைல பெயிண்ட் அடிச்சா கடைசில கையில கெடைக்கிறது உப்புத்தாள்தான். ஐப்பசி கார்த்திகை மழை, அதுவும் ஆகாது. மாசி பங்குனிதான் தோது, அதுலயும் பனி எறங்கி தகரம் காஞ்சப்புறம், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. ஈரக்காத்துல என்.சி. அடிச்சா தின்னர் ஆவியாகுறப்ப தகரம் குளுந்து, ஈரம் படிஞ்சு, வெள்ளையா பூத்துரும். கம்ப்ரசர் டேங்குக்கு அடியில ஒரு திருகு இருக்கும், அத தெறந்து பாருங்க, நம்ம ஊர்ல அரை டம்ளர் தண்ணி வரும். வாட்டர் டிராப் (காத்துல வர்ற தண்ணிய பிடிக்கிற வடிகட்டி) இல்லாம அடிச்சா அந்த தண்ணி பூரா பெயிண்ட்டுக்குள்ளதான் போகும். பக்கத்துல யாரும் டயர் பாலிஷ் போடாம பாத்துக்கங்க, சிலிகான் லேசா பட்டாலும் பெயிண்ட் குழி குழியா விலகும், அதுக்கு பேரே ஃபிஷ் ஐ, மீன் கண்ணு, மீன் ஊர்ல இருந்துக்கிட்டு அதையும் நான் பாத்துட்டேன்.

கலர மாத்தணும்னு ஆசை எல்லாருக்கும் வரும். டோர் உள்பக்கம், இஞ்சின் ரூம், டிக்கின்னு எல்லாம் அடிக்கணும், செலவு எகிறிரும், ஆர்.சி.லயும் கலர மாத்தணும். மிலிட்டரி பச்சைய மட்டும் நெனைக்கவே நெனைக்காதீங்க, ராணுவ வண்டி தவிர வேற எதுக்கும் அந்த கலர் கூடாதுன்னு 1989 மோட்டார் வாகன விதியிலயே இருக்கு. மெட்டாலிக்கும் வேணாம், பின்னாடி ஒரு கீறல் விழுந்தா டச்சப்ல கலர் சேராது. வெள்ளை மாதிரி சாலிட் கலர்னா கிளியர் கோட் செலவும் மிச்சம்.

பேரம் பேசுறப்ப மொத்த ரேட்ட கொறைக்காதீங்க, கொறைச்சா அவரு பிரைமர்லதான் கொறைப்பாரு, நமக்கு தெரியாது. பம்பர், லைட், பீடிங், கைப்பிடி எல்லாத்தையும் நீங்களே கழட்டிக் குடுங்க, தேய்க்கிற வேலையையும் நீங்க எடுத்துக்கங்க, அத சொல்லி கூலிய கொறைங்க, அதுதான் நெசமான மிச்சம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், போட்டெல்லாம் கரையேறி பெயிண்ட்டுக்கு நிக்கும், எங்க பெயிண்டர் அண்ணே போட்டும் அடிக்கிறவரு, அந்த ரெண்டு மாசம் போன எடுக்க மாட்டாரு.

அடிச்ச ஒரு மாசத்துக்கு வேக்ஸ் போடாதீங்க, ரெக்சின் கவர் போட்டு மூடாதீங்க, உள்ள வேர்த்து கறை விழும். நான் வாரத்துக்கு ஒரு நாள் ஒரு குடம் நல்ல தண்ணிய ரன்னிங் போர்டுக்கு அடியில ஊத்தி விடுறேன். போன மாசம் பெட்ரோல் மூடி பக்கத்துல கல்லு பட்டு அரிசி தண்டிக்கு பெயிண்ட் போயிருச்சு, மிச்சம் வச்சிருந்த பெயிண்ட்ட பொம்பளப்புள்ள டிராயிங் பிரஷ்ல தொட்டு அன்னைக்கு சாயங்காலமே வச்சுட்டேன்.