உங்கள் நாட்டில் விற்காத ஸ்போர்ட்ஸ் காரை வரவழைப்பது எப்படி

மஸ்தா ஆர்எக்ஸ்-7 காரின் மூன்றாம் தலைமுறை 1991 கடைசியில் ஜப்பானில் வந்து 2002-ல் நின்றது. 1999-லிருந்து வந்த கடைசி வண்டிகளை மஸ்தா ஜப்பானில் மட்டும்தான் விற்றது. அதில் ஒன்று, 2000-ம் வருடத்து வண்டி, இப்போது என் வீட்டு வாசலில் நிற்கிறது. வந்து சேரப் பதினோரு மாதம் ஆனது. கப்பல் கடலில் இருந்தது நான்கே வாரம். மீதிக் காலம் முழுக்கக் காகிதத்தில்தான் போனது. அதனால் இந்தக் காகித விஷயத்தைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

எந்தக் கார் என்று முடிவு செய்வதற்கு முன்னால் உங்கள் நாட்டு விதியைப் படியுங்கள். முகவர் சொல்வதையோ நண்பர் சொல்வதையோ நம்பி இறங்க வேண்டாம். விதி நாட்டுக்கு நாடு தலைகீழாக இருக்கிறது. அமெரிக்காவில் 25 வயது முடிந்த காருக்குப் பாதுகாப்புத் தர நிபந்தனைகளிலிருந்து விலக்கு உண்டு. கனடாவில் அந்த வரம்பு 15 வருடம். இந்தியாவில் நேர்மாறு: பழைய கார் என்றால் மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். பிரிட்டனில் பத்து வயதுக்கு உட்பட்ட வண்டியை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து ஒப்புதல் தருவார்கள். ஆக, ஒரே கார் ஓரிடத்தில் வயது போதாமல் நிற்கும், இன்னோரிடத்தில் வயது கூடிப்போனதால் நிற்கும்.

வயது என்றால் எதிலிருந்து எண்ணுவது? இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். அமெரிக்க விதி தயாரித்த மாதத்திலிருந்து எண்ணுகிறது. ஜப்பானியப் பதிவுச் சான்றில் இருப்பதோ முதல் பதிவு நடந்த வருடமும் மாதமும். தயாரான கார் ஷோரூமில் சில மாதம் நின்றுவிட்டு விற்றிருக்கலாம். தயாரிப்பு மாதத்தைச் சேஸிஸ் நம்பரை வைத்து நிறுவனத்தின் உதிரிபாகப் பட்டியலில் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் சீட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெல்ட் தயாரான காலம் அதில் இருக்கும். பெல்ட் தயாராகும் முன்னால் அந்தக் கார் வெளியே வந்திருக்க முடியாது இல்லையா?

அப்புறம் வரி. பல நாடுகளில் காரின் விலை, கப்பல் கூலி, காப்பீடு மூன்றையும் கூட்டிய தொகை மேல்தான் சுங்க வரி போடுவார்கள். சில நாடுகளில் கப்பல் கூலியை விட்டுவிடுவார்கள். அந்த வரியையும் சேர்த்த தொகை மேல் விற்பனை வரி வரும். வரிக்கு மேல் வரி என்பதால், சதவீதங்களை வெறுமனே கூட்டிப் பார்த்தால் கணக்கு குறைவாகத்தான் தெரியும். வரிசைப்படி ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

எஞ்சின் கொள்ளளவை வைத்து வரி மாறும் நாடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். என் காரில் இருப்பது ரோட்டரி எஞ்சின்: பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் என்ற முக்கோண வடிவப் பாகம் சுழலும். இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தம் 1308. ஆனால் ஜப்பானில் ஆண்டு வரிக்கு அதை 1.5-ஆல் பெருக்கி 1962 என்று எடுத்துக்கொள்வார்கள். எந்த எண் என் படிவத்தில் ஏறப் போகிறது என்று கார் வாங்கும் முன்பே சுங்கத்துறைக்கு எழுதிக் கேட்டேன். பதில் வர ஏழு வாரம் ஆனது. பிறகு துறைமுகத்தில் அதே கேள்வி எழுந்தபோது அந்தக் கடிதத்தை நீட்டினேன், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. உங்கள் காரில் சந்தேகத்துக்கு இடமான எது இருந்தாலும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது துறைமுகத்தில் செல்லாது.

சரி, இப்போது காருக்கு வருவோம். ஜப்பானில் பழைய கார்கள் பெரும்பாலும் ஏலத்தில்தான் கைமாறுகின்றன. உறுப்பினர்கள் மட்டும்தான் ஏலம் கேட்க முடியும் என்பதால் ஏற்றுமதி முகவர் ஒருவர் வேண்டும். அவர் அனுப்பும் ஏலத்தாளை நீங்களே படிக்கப் பழகுங்கள். மேல் மூலையில் ஒட்டுமொத்த மதிப்பெண் இருக்கும்: 5, 4.5, 4, 3.5 என்று. ஆங்கில எழுத்து ஆர் அல்லது ஆர்ஏ இருந்தால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. கீழே காரை விரித்துப் போட்ட மாதிரி ஒரு படம். அதில் ஏ என்றால் கீறல், யு என்றால் ஒடுக்கு, டபிள்யூ என்றால் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த இடம், எஸ் என்றால் துரு, எக்ஸ்எக்ஸ் என்றால் பேனலையே மாற்றியது. பக்கத்தில் உள்ள எண் கூடக் கூடச் சேதம் பெரியது.

மதிப்பெண்ணைவிட முக்கியமானது, ஓரத்தில் பரிசோதகர் கையால் கிறுக்கியிருக்கும் வரிகள். 3.5 மதிப்பெண்ணோடு ஒரு வண்டி எனக்கு வந்தது. வெள்ளை நிறம், உள்ளே சுத்தம், படங்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. முகவர் அனுப்பிய குறிப்பில் கீறல்களைப் பற்றி மட்டும் இருந்தது. தாளின் அடியில் இருந்த ஒரு குட்டி வரியைத் தனியாக ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்தேன். ரேடியேட்டரைத் தாங்கும் முன்பக்கச் சட்டம் சரிசெய்யப்பட்டது என்று எழுதியிருந்தது. முன்னால் மோதிய வண்டி! மொழிபெயர்ப்புக்குக் கொடுத்த காசு, இந்த முழு வேலையிலும் நான் செய்த மிக உருப்படியான செலவு.

ஏலத்தாள் எஞ்சினுக்குள் பார்க்காது. எந்த மாடல் என்றாலும் அதற்கென்று ஒரு நோய் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டு அதை மட்டும் தனியாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். டிவிஆர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஃபைபர் உடலுக்கு அடியில் இருக்கும் இரும்புக் குழாய்ச் சட்டம் பக்கவாட்டில் துருப்பிடிக்கும். ரோட்டரி என்றால் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம். சாதாரண கேஜ் ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் உயர்ந்த அளவை மட்டும் காட்டும், கெட்ட முகம் அதில் ஒளிந்துகொள்ளும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில் ஆறு எண்கள் தனித்தனியாக வர வேண்டும். 250 ஆர்பிஎம்மில் எதுவும் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோவுக்குக் கீழே இருக்கக் கூடாது. என் வண்டியில் ஆறும் எட்டுக்கு மேல் வந்த பிறகுதான் முன்பணம் அனுப்பினேன்.

கப்பல் பகுதி எளிது. காரை ஓட்டி ஏற்றி இறக்கும் ரோரோ கப்பல் பெரும்பாலும் மலிவு. கன்டெய்னர் பூட்டி வரும். இருபது அடி கன்டெய்னரின் உள் நீளம் சுமார் 5.9 மீட்டர், என் கார் 4.28. நீளத்தில் தாராளம், அகலத்தில்தான் இறுக்கம். நடுவில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் ஓரடி கூட மிஞ்சாது. கதவு விளிம்பில் நுரைப்பட்டை ஒட்டச் சொல்லுங்கள். டேங்கில் பெட்ரோல் மிகக் குறைவாக இருக்கட்டும், பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். காப்பீடு எடுக்கும்போது முழு இழப்புக்கு மட்டுமா, கீறல் ஒடுக்குக்கும் சேர்த்தா என்று பாருங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு அனுப்புகிறவர்கள் அடிப்பக்க மண்ணைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். செப்டம்பர் முதல் ஏப்ரல் முடிய அங்கே ஒருவகை நாற்றப்பூச்சி நுழையாமல் தடுக்கத் தனிக் கெடுபிடியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதிக்கே தடை என்பதால் பழைய பிரேக் பேடும் கேஸ்கட்டும்கூடக் கேள்வியாகும்.

ஜப்பானில் பதிவை ரத்து செய்ததற்கான ஏற்றுமதிச் சான்று, விலைப்பட்டியல், பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் தாள்) மூன்றும் கைக்கு வந்ததும் சேஸிஸ் நம்பரை மூன்றிலும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். நான் பார்க்கவில்லை. பில் ஆஃப் லேடிங்கில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. 6 இருக்க வேண்டிய இடத்தில் 0. அதிகாரி பானட்டைத் திறக்கச் சொன்னார். எஞ்சின் அறையின் பின்சுவரில் தகட்டிலேயே நம்பர் அடித்திருக்கும். தூசியைத் துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோதுதான் எழுத்து நிழலோடு எழுந்து தெரிந்தது. அவர் சுட்டுவிரலை எழுத்தெழுத்தாக நகர்த்திப் படித்துவிட்டு, காகிதத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். திருத்திய தாள் வர ஒன்பது நாள். ஒன்பது நாளுக்கும் துறைமுக வாடகை நான்தான் கட்டினேன்.

பதிவு அலுவலகத்திலும் அதே நம்பர் நின்றது. படிவத்தில் பதினேழு கட்டம். ஜப்பானுக்கென்று செய்த காரில் பதினேழு எழுத்து நம்பர் இருக்காது. எஃப்டி3எஸ் என்ற மாடல் குறியீடு, ஒரு கோடு, ஆறு இலக்கம், அவ்வளவுதான். மீதிக் கட்டத்தைச் சைபரால் நிரப்பிவிட வேண்டாம், அது வேறு காராகிவிடும். நம்பரின் படத்தையும் ஏற்றுமதிச் சான்றின் மொழிபெயர்ப்பையும் முன்கூட்டியே கொடுத்து, எப்படிப் பதிய வேண்டும் என்று கேளுங்கள்.

ஹெட்லைட் எந்தப் பக்கம் சாய்ந்து அடிக்கிறது, பின்பக்க மூடுபனி விளக்கு வேண்டுமா, ஸ்பீடோமீட்டர் மைலில் காட்ட வேண்டுமா என்பதெல்லாம் பரிசோதனையில் வரும். சின்ன வேலைகள்தான். பெரிய விஷயம் பெட்ரோல். ஜப்பானில் உயர்ரகப் பெட்ரோல் 100 ஆக்டேன் அளவுக்கு இருக்கும். இந்த எஞ்சின்கள் அதற்காகச் செய்தவை. உங்களிடம் கிடைப்பது அதைவிடக் குறைவு என்றால், டர்போவின் பூஸ்ட்டைக் குறைத்து எஞ்சின் கம்ப்யூட்டரைச் சரிசெய்யும் வரை கார் நிற்கட்டும். எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும் தட்டல் ஒன்றே ஒன்று போதும், ரோட்டர் முனையில் உள்ள சீல் உடைந்துவிடலாம்.

வந்த வாரமே டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம் செய்தது. டயரின் பள்ளங்கள் நன்றாக இருந்தாலும் ரப்பர் கெட்டித்திருக்கும். என் வண்டியில் நான்கும் பழையவை. அவற்றை மாற்றி, எல்லா ஆயிலையும் கூலன்ட்டையும் இறக்கி ஊற்றிவிட்டுத்தான் வெளியே எடுத்தேன். ரோட்டரி எஞ்சின் சீலுக்கு எண்ணெய் வேண்டுமென்று தானே கொஞ்சம் ஆயிலை எரிக்கும். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறேன்.