படகை விற்கிற நேரத்தில் பெயின்ட் அடிக்காதீர்கள்

திருகோணமலை திருக்கடலூர்க் கரையில் ஒரு பைபர் படகைப் பார்க்க வந்தவர், பளபளத்த புதுப் பெயின்ட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு குற்றிக்காசை எடுத்து, படகின் பின்பக்கத்தை மூடி நிற்கும் பின்பலகையைத் தட்டத் தொடங்கினார். ‘டக், டக்’ என்று வந்த சத்தம், எஞ்சின் பூட்டும் இடத்தில் ‘தொப்’ என்று அமுங்கியது. விலை அங்கேயே விழுந்துவிட்டது.

பின்பலகையில் பைபருக்கு நடுவே பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான் இருக்கும். எஞ்சின் போல்ட் ஓட்டைகளைச் சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) வைத்து அடைக்காமல் விட்டால், தண்ணீர் உள்ளே இறங்கிப் பலகையை உக்க வைக்கும். வருடத்துக்கு ஒரு தடவை போல்ட்டைக் கழற்றிப் பார்த்துப் புதுச் சீலன்ட் வைக்க அரை நாள் போதும். உக்கிய பலகையை மாற்றுவதென்றால் பைபரை வெட்டித் திறக்க வேண்டும்.

அடுத்த பிழை, வாடைக் காலத்தில் நடப்பது. கார்த்திகை, மார்கழியில் படகைக் கரையேற்றி அப்படியே விட்டுவிடுகிறோம். நம் ஊரில் அதுதான் மழைக்காலமும். தண்ணீர் வடியும் ஓட்டையின் அடிமூடியைக் கழற்றி, அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, சற்று உயர்த்தி வைக்காவிட்டால் மழைத்தண்ணீர் மாதக்கணக்கில் உள்ளே தேங்கும். மழை விட்ட இரண்டு நாளில் அவசரப்பட்டுப் பெயின்ட் அடிப்பது அதைவிட மோசம். பைபருக்குள் ஊறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளமாகக் கிளம்பும். குத்திப் பார்த்தால் வினாகிரி மணத்தோடு நீர் கசியும். படகு வாங்க வருபவரும் அதைக் குத்திப் பார்ப்பார். நல்ல தண்ணீரில் கழுவி, கூரைக்குக் கீழே வைத்து, மாசி பங்குனி வெயில் காலத்தில் நன்றாகக் காய்ந்த பிறகே தூரிகையைத் தொடுங்கள்.

படகின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டக் கத்தியை எடுக்காதீர்கள். பைபரின் மேல்பூச்சான ஜெல்கோட் கீறினால் தண்ணீருக்கு வாசல் திறந்த மாதிரி. கரையேற்றிய அன்றே, காயும் முன், மரத்துண்டால் தள்ளினால் பெரும்பாலானவை வந்துவிடும். மணலில் இழுத்து இழுத்து ஏரா (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகு) தேய்ந்திருந்தால், உள்ளே இருக்கும் பைபர் மட் (நார் விரிப்பு) வெளியே தெரியும் முன்பே அந்த இடத்தைப் பைபர் வைத்துக் கட்டிவிடுங்கள்.

அப்புறம், பழுது பார்த்ததை ஒளிக்காதீர்கள். வேலை நடக்கும்போதே போனில் படம் எடுத்து, ரெசின் (பைபரை இறுக்கும் பசை) வாங்கிய பற்றுச்சீட்டோடு வையுங்கள். திறந்து காட்டிய பழுதுக்குக் கொஞ்சம் விலை குறைப்பார்கள். ஒளித்தது பிடிபட்டால், வாங்க வந்தவர் மற்ற எல்லா இடத்தையும் சந்தேகத்தோடுதான் தட்டுவார்.