வன்னிக் காட்டில் நத்தைக் கணக்கெடுப்பு: வெறும் தட்டு நிரம்பிய விதம்

நத்தைகளை எண்ண, பகலில் கண்ணால் தேடும் மலைக்காட்டு முறையை அப்படியே இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்குக் கொண்டுவந்ததுதான் என் பிழை. பாலை, வீரை மரங்கள் நிற்கும் காட்டில், கோடையில், பகலில் ஒரு மணித்தியாலம் தேடினாலும் வெறும் ஓடுதான். நத்தைகள் ஓட்டின் வாயை மெல்லிய படலத்தால் மூடிக்கொண்டு மரப்பொந்திலும் கல்லிடுக்கிலும் உறங்கிவிடும்.

காலத்தை மாற்றினேன்: ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு மூன்று நாள் பெய்தபின், விடிந்தவுடனே. இரவு இன்னும் நல்லது, ஆனால் யானை நடமாடும் இடத்தில் வேண்டாம். கண்ணிவெடி அகற்றாத நிலத்தில் ஒரு அடிகூட வைக்கக்கூடாது.

5 மில்லிமீற்றருக்குக் குறைந்தவை கண்ணில் படாது; சருகோடுதான் அள்ள வேண்டும். 1 மீற்றர் சதுரம் போட்டு, சருகையும் மேல்மண் இரண்டு சென்ரிமீற்றரையும் துணிப்பையில் கட்டுங்கள். பொலித்தீன் பை வேண்டாம், புழுங்கி அழுகும். ஈரச்சருகை அரித்தால் மண் அரிதட்டில் அப்பி, சின்ன ஓடுகள் அதோடு போய்விடும். எனக்கு எண்ணிக்கை குறைந்தது இதனால்தான். உயிருள்ளவற்றை முதலில் பொறுக்கிவிட்டு, மிச்சத்தை நிழலில் நன்றாக உலர்த்தி, 10, 2, 0.5 மில்லிமீற்றர் கண்ணுள்ள அரிதட்டுகளில் வரிசையாக அரியுங்கள். கடைசி இரண்டு அரிதட்டுகளில் தங்குவதை வெள்ளைத் தட்டில் பரப்பி, உருப்பெருக்கியால் பாருங்கள். மணல்மணி என்று நினைப்பது சுருண்ட ஓடாக இருக்கும்.

மாதிரிக்கு எடுப்பவற்றை, காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பிய போத்தலில் ஒரு இரவு வைத்தால் உடல் வெளியே நீளும். பிறகு 80 வீத எதனோலில் (மதுசாரத்தில்) போட்டுவையுங்கள். போமலின் என்ற பதப்படுத்தும் திரவம் வேண்டாம், நத்தையின் ஓட்டை அரித்துக் கெடுக்கும். விபரச்சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள்.